மொச்சைக்கு நட்ட கல்

நில்லும்மா. ஓடாத, கொஞ்சம் நில்லு. உன்னைத்தான். அவன் மூச்சு விடுத சத்தம் மைதானத்துக் கேட்டுப் பக்கம் நிக்கிற எனக்கே கேக்கு. கயித்தைப் பிடிச்சிருக்கிற உனக்குக் கேக்கல. காதுல என்னத்தையோ சொருகி வச்சிருக்க, அதை எடு மொதல்ல.

இப்படி நெழலுக்கு வா. இந்தப் படியில உக்காரு. அவனை சிமெண்டுத் தரையில விடு, கால் குளிரட்டும். தண்ணி என்கிட்ட இருக்கு. இல்ல, உடனே குடிக்கக் குடுக்காத. வயித்துல தடவு. அடிவயிறு, தொடையிடுக்கு, பாதம். ஐஸ் தண்ணி ஆகாது, குழாத் தண்ணி போதும். உன் துப்பட்டாவால விசிறு. நாக்கைப் பாரு, சிவப்பாத்தான் இருக்கு. பயப்படாத. ஊதா நெறம் வந்தாத்தான் பயப்படணும்.

பேரு என்ன சொன்ன, டைசனா? சரி. மணி ஏழேகால். இந்த நேரத்துல இந்தச் சப்பை மூஞ்சி நாயை ஓட விடலாமா? ஆறு மணிக்குள்ள முடிச்சுரணும். அதுவும் ரெண்டு நிமிசம் ஓடினா நாலு நிமிசம் நட. கழுத்துப் பட்டையைக் கழத்து, மாருல மாட்டுத பட்டை வாங்கு. மத்த நாய்க்கு வேர்க்காட்டாலும் மூச்சை இளைச்சு இளைச்சு சூட்டை வெளிய தள்ளிரும். இவனுகளுக்கு அந்த வழியே சின்னது. மூக்கு ஓட்டையைப் பாரு, மிளகு போட்டா அடைச்சுக்கிடும்.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்க. சொல்லுதேன். அவன் மூச்சு அடங்க எப்படியும் கால் மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் நீ எந்திரிக்கக் கூடாது.

என் பேரு பியூலா. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கேன். நாப்பத்தாறு வயசுல சுகர்னு சொல்லிட்டாவ. டாக்டர் நடக்கத்தான் சொன்னாவ. நான் ஓடினேன். எனக்கு எதையும் பாதியில விட்டுப் பழக்கம் இல்ல. மூணு மாசத்துல அஞ்சு கிலோமீட்டர். பன்னெண்டு கிலோ எடை எறங்குனேன். ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் என்னையப் பாத்து ஓட ஆரம்பிச்சாளுவ, ரெண்டு வாரத்துல நிறுத்திட்டாளுவ. நான் நிறுத்தல.

ஆனா இந்த ஊர்ல ஒரு பொம்பள தனியா ஓடினா என்ன ஆகும்னு உனக்கே தெரியும். பைக்கை மெதுவாக்கிட்டு "யாரு வெரட்டுதா மேடம்"னு கேப்பானுவ. டீக்கடையில இருக்கிறவன் எல்லாம் கிளாஸை வச்சுட்டுத் திரும்புவான். அந்த நேரத்துலதான் மொச்சை வந்தான்.

எங்க மாடியில ஒரு பேங்க் மேனேஜர் குடியிருந்தாவ. அவியளுக்கு வடக்க மாத்தல் ஆயிட்டு. அங்கன கொண்டு போக முடியாதுன்னு நாயை எங்ககிட்ட விட்டுட்டுப் போனாவ. பக்குன்னு சொல்லுவாவள்லா, அந்தச் சப்பை மூஞ்சி ஜாதி. ரெண்டு வயசு. கண்ணு ரெண்டும் வேக வச்ச மொச்சைக்கொட்டை மாதிரி பிதுங்கி நிக்கும். எங்க வீட்டுக்காரர், அவியதான் மொச்சைன்னு பேரு வச்சாவ. அவிய பேரு ஞானதுரை. சர்வே ஆபீஸ்ல சர்வேயர். பேச்சு கம்மி. சங்கிலி பிடிச்சு நெலத்தை அளந்து அளந்து, பேச்சையும் அளந்துதான் பேசுவாவ.

ஒரு நாள் நான் ஷூ மாட்டும்போது இவன் வந்து கால்ல உரசிக்கிட்டு நின்னான். சரி வாலேன்னு கூட்டிட்டுப் போனேன். அன்னைக்கு ஒருத்தனும் என்னையப் பாக்கல. எல்லாவனும் நாயைத்தான் பாத்தான். "அக்கா, இது கடிக்குமா, பேரு என்ன?" அவ்வளவுதான். ரோட்டுல எனக்கு எடம் கெடச்சுது பாத்துக்கோ. அந்தச் சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்ல. முன்னால கால் குட்டையா ஒருத்தன் தொங்கு தொங்குன்னு ஓடுதான், நடுநடுவுல திரும்பி நான் வாரேனான்னு பாக்கான். என் வீட்டுல யாரும் அப்படித் திரும்பிப் பாத்ததில்ல.

அவனுக்கு ஓட்டம்னா உசுரு. உள்ளதைச் சொல்லுதேன், நான் இழுத்துட்டுப் போகல. அவன்தான் என்னைய இழுத்தான்.

அவிய எதையாவது முனங்கிக்கிட்டே இருப்பாவ. "பியூலா, இவன் ராத்திரி தூங்கும்போது மூச்சு நின்னு நின்னு வருது." நாய்னா குறட்டை விடத்தான் செய்யும். "பியூலா, அவன் நாக்கு நெறம் மாறுதே." வெயில்ல மாறும். ஒரு நாள் மாருல மாட்டுத பட்டை ஒண்ணு மதுரையிலருந்து வாங்கிட்டு வந்தாவ. அதைப் போட்டா அவன் வேகம் கொறையுதுன்னு பரண்ல தூக்கிப் போட்டேன். இன்னொரு நாள் செய்தித்தாள்ல இந்த ஜாதி நாயைப் பத்தி வந்ததை வெட்டி எடுத்து, பிரிட்ஜ் கதவுல காந்தம் வச்சு ஒட்டி வச்சிருந்தாவ. நான் படிக்கல. எனக்குப் பேப்பர் திருத்துத வேலை இருந்துது. இதெல்லாம் சொல்லுறதாம்மா? சொல்லணும்னா நேரா நின்னு, "பியூலா, நிறுத்து"ன்னு சொல்லணும். அப்படி ஒரு நாளும் அவிய சொல்லல. இதை நீ ஞாபகம் வச்சுக்கோ.

போன வருசம் ஏப்ரல். இங்க நடைப் பயிற்சிக்காரங்க சங்கம் ஞாயித்துக்கிழமை ஒரு ஓட்டம் வச்சிருந்தாவ. அஞ்சு கிலோமீட்டர். நான் பேரு குடுக்கப் போனப்ப, மொச்சையும் ஓடட்டும் மேடம்னு அவனுக்கும் ஒரு நம்பர் அட்டை குடுத்தாவ. நூத்தி நாப்பத்தேழு. அதைச் சின்னதா வெட்டி, முதுகுல கட்டுத மாதிரி நாடா தச்சு வச்சேன்.

அதுக்கு முந்தின வியாழக்கிழமை. அஞ்சு கிலோமீட்டர் நிக்காம ஓடிப் பாத்துருவோம்னு கெளம்பினோம். மின்வெட்டு, ராத்திரி தூக்கமில்ல, கெளம்ப ஆறரை ஆயிட்டு. காத்தே இல்ல. நாலு கிலோமீட்டர் தாண்டினதும் ஒரு பெட்டிக்கடை முன்னால உக்காந்துட்டான். அவன் அப்படி உக்காந்ததே இல்ல. நான் கைக்கடிகாரத்தைப் பாத்தேன். இன்னும் எண்ணூறு மீட்டர். "எந்திலே, இவ்வளவு வந்துட்டு இனி என்ன"ன்னு கயித்தை ஒரு சுண்டு சுண்டினேன். எந்திரிச்சுட்டான். எந்திரிச்சு ஓடினான்மா. முடியாட்டா ஓடுவானா? அப்படித்தான் நான் நெனச்சேன். ஒரு எறநூறு மீட்டர் ஓடியிருப்பான். அப்படியே ஒருச்சாய்ஞ்சு விழுந்தான். நாக்கு நாவப்பழம் தின்ன மாதிரி. வாயில நுரை. கர்ருனு ஒரு சத்தம், மரம் அறுக்கிற மாதிரி.

நான் என்ன செய்ய? அன்னைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாதுல்லா. தூக்கி வச்சுக்கிட்டு அவியளுக்குப் போன் போட்டேன். இடுப்புல கட்டியிருந்த சாரத்தோட ஸ்கூட்டர்ல வந்து நின்னாவ. வழியில இருந்த தெருக்குழாய்ல அவனை நனைச்சு, ஸ்கூட்டர்ல கால் வைக்கிற எடத்துல கிடத்தி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாவ.

நான் கூடப் போகல. ஏன் போகலன்னு கேப்ப. அன்னைக்குப் பப்ளிக் பரீட்சை. எனக்கு வேற பள்ளிக்கூடத்துல ஹால் சூப்பர்வைசர் வேலை. எட்டரைக்கு அங்க நிக்கணும். போகாம இருக்க முடியுமா? நீயே சொல்லு. போனை எட்மாஸ்டர் ரூம்ல வாங்கி வச்சிருவாவ. பரீட்சை முடிஞ்சு, தாளைக் கட்டிக் குடுத்துட்டு, ஒண்ணரை மணிக்குப் போனை வாங்கி அவியளைக் கூப்பிட்டேன்.

"பியூலா, அவன் போயிட்டான்"னாவ.

அவ்வளவுதான். போயிட்டான். நான் அந்த ஸ்கூல் வராண்டாவுல, ஊர் பேரு தெரியாத பிள்ளைகள் எல்லாம் பாக்க, தரையில உக்காந்துட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா கயிறு மட்டும் கதவுல தொங்குது. அடக்கம் பண்ணிட்டேன்னாவ. எங்கனன்னு கேட்டேன். ஆத்தங்கரைப் பக்கம்னாவ.

ஒரு வாரம் கழிச்சு, எனக்கு அந்த எடத்தைப் பாக்கணும்னு சொன்னேன். ரெண்டு நாள் வேலை இருக்குன்னு தள்ளினாவ. பொறவு கூட்டிட்டுப் போனாவ. செங்கச்சூளை தாண்டி, மருத மரத்தடியில, ஒரு கல் நட்டிருந்துது. சர்வே கல்லு. மேல அம்புக்குறி போட்டிருக்கும்லா, அந்தக் கல்லு. கல் நடுதது அவிய தொழில்தானே. நான் அதைக் கட்டிப் பிடிச்சு அழுதேன். அவிய குடையைப் பிடிச்சுக்கிட்டு எனக்கு நெழல் காட்டிட்டு நின்னாவ.

பத்து மாசம்மா. மாசம் ஒரு தடவையாவது அந்தக் கல்லுகிட்ட போவேன். ஒரு பிடி பிஸ்கட்டு வைப்பேன். சபையில பெண்கள் ஜெபக் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு, என் அவசரத்தால ஒரு வாயில்லாத சீவன் செத்துப் போச்சு, ஆண்டவர் என்னைய மன்னிக்கணும்னு எல்லாரும் ஜெபிங்கன்னு கேட்டுக்கிட்டேன். எனக்கு அப்படி எந்திரிச்சு நிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு என் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டாத் தெரியும். ஞாயித்துக்கிழமை ஆராதனையில பாஸ்டரும் அதைச் சொல்லி ஜெபிச்சாவ. பக்கத்துல அவிய தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஆமென் சொன்னாவ. என் காதால கேட்டேன்.

ஓட்டத்தை ரெண்டு மாசம் விட்டுட்டேன். பொறவு ஓடினேன். சுகர் ஏறுது, என்ன செய்ய. ஆனா அந்த ரெண்டு மாசமும் உக்காந்து படிச்சேன். சப்பை மூஞ்சி நாயைப் பத்தி என்னென்ன உண்டோ எல்லாம். அப்பதான் பிரிட்ஜ் கதவுல ஒட்டியிருந்ததையும் படிச்சேன். எழுத்து மங்கிப் போயிருந்துது. காலையில எந்த நேரம், எவ்வளவு தூரம், தின்ன உடனே ஓடக் கூடாது, எடை கூடினா தொண்டை இன்னும் நெருங்கும், காத்துல ஈரம் இருந்தா வெயில் இல்லாட்டாலும் ஆபத்து, எல்லாம். இந்த மைதானத்துல சப்பை மூஞ்சி நாயோட யார் வந்தாலும் நிறுத்திச் சொல்லுவேன். பாதிப் பேர் என்னைக் கண்டா கேட்டுப் பக்கமே வரமாட்டாவ. வரட்டும் வராம போகட்டும். நான் செஞ்சதுக்கு இது என் கடன்னு நெனச்சேன்.

இரு, அவன் எந்திரிக்கப் பாக்கான். விடாத. இன்னும் கொஞ்சம் தடவு.

இந்த பிப்ரவரியில ஒரு நாள். ஒரு பையன் குட்டி புல்டாக் ஒண்ணோட ஓடினான், இதே வளைவுல நாய் விழுந்துது. நான் ஓடிப் போய்க் குழாயடியில போட்டு நனைச்சேன். துண்டை நனைச்சு மேல மூடல, அடியில விரிச்சேன். மூடினா சூடு உள்ளயே நின்னுரும். ஆட்டோவுல சன்னல் பக்கம் காத்துப் படுத மாதிரி மடியில வச்சுக்கிட்டேன். எந்த ஆஸ்பத்திரிக்குன்னு ஆட்டோக்காரன் கேட்டான். கிட்ட இருந்தது அந்த ஆஸ்பத்திரிதான். மொச்சையைக் கொண்டு போன எடம். பத்து மாசமா அந்தத் தெருப் பக்கமே நான் போனதில்ல. அன்னைக்குப் போனேன்.

நாய் பொழைச்சுட்டு. டாக்டர் வெளிய வந்து கையைத் தொடைச்சுக்கிட்டே, "வழியிலயே நனைச்சுக் கொண்டு வந்ததாலதான் பொழைச்சுது, நல்ல காரியம் பண்ணினீங்க"ன்னாவ. எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. பாவத்துக்கு ஒரு பதில் செஞ்சுட்டேன்னு தோணிச்சு. அப்பதான் டாக்டர் என் முகத்தை நல்லாப் பாத்தாவ.

"நீங்க சர்வேயர் சார் வீட்டம்மாதானே? மொச்சை எப்படி இருக்கான்?"

எனக்கு வெளங்கல. "எந்த மொச்சை?"ன்னு கேட்டேன்.

"உங்க மொச்சைதான். போன மாசம் ஊசி போட சார் கூட்டிட்டு வந்தாவளே. பாபநாசத்துக் காத்து அவனுக்கு நல்லா ஒத்துக்கிட்டு. எடையும் கொறைஞ்சிருக்கு."

நான் ஆமா டாக்டர், நல்லா இருக்கான்னு சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு இன்னைக்கும் தெரியல. என் புருசன் பொய்யன்னு ஒரு வெளியாளுக்குத் தெரியக் கூடாதுன்னு நெனச்சேனோ என்னமோ. அந்தப் பையன் எனக்குக் கை குடுத்து நன்றி சொல்லுதான். நான் சிரிச்சுக்கிட்டு நிக்கேன்.

அப்பதான் ஒவ்வொண்ணா வருது. மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமை அம்பாசமுத்திரத்துல அளவு இருக்குன்னு போவாவ. ரெண்டாவது சனிக்கிழமை கவர்மெண்டுக்கு லீவு. எனக்கு அது தோணவே இல்ல பாரு. கால்சட்டையில குட்டை குட்டையா முடி ஒட்டியிருக்கும். நெலம் அளக்கப் போன எடத்துல ஆடு உரசியிருக்கும்னு நானே பிரஷ் வச்சு எடுத்துவிட்டிருக்கேன். வேற ஒரு பொம்பளைகிட்ட போயிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு இருந்திருக்காதும்மா. அது ஊர்ல நடக்குத காரியம், நாலு பேர்கிட்ட சொல்லி அழலாம். இதை யார்கிட்ட சொல்ல? செத்துப் போன நாயை என் புருசன் உசுரோட வச்சிருக்காருன்னா?

வீட்டுல ஒண்ணும் கேக்கல. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிட்டு பாபநாசம் பஸ் ஏறினேன். அங்கன யார் இருக்கான்னு எனக்குத் தெரியும். சொரிமுத்துன்னு அவிய கூடச் சங்கிலி பிடிச்ச அண்ணாச்சி ஒருத்தர். ரிட்டையர் ஆகி பாபநாசத்துக்குப் பக்கத்துல விக்கிரமசிங்கபுரத்துல இருக்காவ. மனைவி இல்ல. எங்க வீட்டுக் கிறிஸ்துமஸுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போற மனுசன். போன கிறிஸ்துமஸுக்கும் வந்தாவ. "மொச்சை இல்லாம வீடே வெறிச்சுன்னு இருக்கு அண்ணாச்சி"ன்னு அவியகிட்ட நான் சொன்னேன். பாயசத்தைக் குடிச்சுக்கிட்டே தலையை ஆட்டினாவ.

வாய்க்கால் கரைத் தெரு. கதவு தொறந்து கெடந்துது. உள்ள முத்தத்துல, துணி தொவைக்கிற கல்லுப் பக்கம், ஈரச் சிமெண்டுல வயித்தை ஒட்டிப் படுத்திருந்தான். மொச்சை. என் மொச்சை.

நான் கூப்பிடக்கூட இல்ல. தலையைத் தூக்கினான். ஒரு நொடி பாத்தான். அவ்வளவுதான், இடுப்போட ஆட்டிக்கிட்டு, அழுவுத மாதிரி ஒரு சத்தம் போட்டுக்கிட்டு, என்கிட்ட ஓடி வந்தான்மா. பத்து மாசம் கழிச்சு. மறக்கல. நான் மண்டி போட்டுக் கையை விரிச்சேன். அவன் என் கைக்கு வந்து சேரல. நடு முத்தத்துலயே மூச்சு முட்டி நின்னுட்டான். அந்தக் கர்ருனு சத்தம். கால் நாலும் பரப்பிக்கிட்டு, கண்ணு என்னையவே பாக்குது, ஒரு எட்டு வைக்கான், முடியல, இன்னொரு எட்டு வைக்கான்.

உள்ளேருந்து சொரிமுத்து அண்ணாச்சி வந்தாவ. என்னையப் பாத்தாவ. ஆனா மொதல்ல அவனைத்தான் தூக்கினாவ. ஈரத் துண்டுல கெடத்தி, நெஞ்சைப் பையத் தடவி, "ஒண்ணுமில்லலே, ஒண்ணுமில்லலே, அம்மா எங்கயும் போகல"ன்னாவ. நான் கிட்டப் போனேன்.

"அம்மா, அங்கனயே இருங்க. கிட்ட வராதீங்க. அதுக்குச் சந்தோஷம் தாங்காது."

"அவனுக்கு என்னையத் தெரியுது அண்ணாச்சி"ன்னேன்.

"தெரியாம இருக்குமா? அதாம்மா கஷ்டமே. சார் வந்தாக்கூட பத்து நிமிசம் வாசல்லயே உக்காந்துட்டுத்தான் உள்ள வருவாவ. அது தன்னால நிக்காது. நாமதான் நிக்கணும்."

நான் தொவைக்கிற கல்லு மேல உக்காந்தேன். பத்தடி தூரம். இருபது நிமிசம் அப்படியே உக்காந்திருந்தேன். அவன் துண்டுல படுத்துக்கிட்டு என்னையவே பாத்துக்கிட்டிருந்தான். நான் தொடல. நான் பேசினா அவன் எந்திரிப்பான்னு அண்ணாச்சி கையைக் காட்டினாவ. பொறவு மூச்சு இறங்கி, கண்ணை மூடித் தூங்கிட்டான். தூங்கினதுக்கு அப்புறம் போய் அவன் காதைத் தொட்டேன்.

"ஏன் அண்ணாச்சி இப்படிச் செஞ்சீங்க?"ன்னு கேட்டேன்.

"சார் சொன்னாவ, செஞ்சேன். தப்புதாம்மா"ன்னாவ. காப்பி போட்டுக் குடுத்தாவ. நான் குடிக்கல.

கூட்டிட்டு வந்துரணும்னு நெனச்சுத்தான் போனேன். பையில அவன் கயிறு இருந்துது. வெளிய எடுக்கல. அந்த முத்தம் குளிர்ச்சியா இருந்துது, வாய்க்கால் காத்து. அவ்வளவுதான் காரணம்.

வீட்டுக்கு வந்தேன். அவிய சாயங்காலம் வந்து, சட்டையைக் கழத்தி ஆணியில மாட்டினாவ. நான், "சொரிமுத்து அண்ணாச்சி உங்களைக் கேட்டதாச் சொல்லச் சொன்னாவ"ன்னேன். ஆணியில சட்டையைப் பிடிச்ச கை அப்படியே நின்னுது. திரும்பவே இல்ல.

"பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"ஓடி வந்தானா?"

"வந்தான்."

"மூச்சு?"

பாரு, அப்பவும் கேள்வி அவனைப் பத்தித்தான். பத்து மாசம் அழுதவ முன்னால நிக்கா. நாயோட மூச்சைக் கேக்காவ. நான் கத்தினேன். ஒரு நாளும் நான் அப்படிக் கத்தினதில்ல, பக்கத்து வீட்டுல டி.வி.யை அமத்திட்டாவ. கல்லுக்கு அடியில என்ன இருக்குன்னு கேட்டேன். "ஒண்ணும் இல்ல, மண்ணுதான்"னாவ. சபையில ஆமென் சொன்னீங்களேன்னேன். ஜெபினுக்குத் தெரியுமான்னு கேட்டேன். எங்க மகன், ஓசூர்ல இருக்கான். தெரியும்னாவ. பொங்கலுக்கு வந்தப்ப கூட்டிட்டுப் போய்க் காட்டியிருக்காவ. என் வயித்துல பெறந்தவன், என் கையால சோறு வாங்கித் தின்னுட்டு, கல்லுகிட்ட நான் அழும்போது செல்போனைப் பாத்துக்கிட்டு நின்னான்.

"ஏன்?"னேன். அது ஒண்ணுதான் கேட்டேன்.

கட்டில்ல உக்காந்தாவ. எப்பவும் போல அளந்துதான் பேசினாவ. "டாக்டர் பொழைச்சுட்டான்னு சொன்னாவ. இனிமே ஓடவே கூடாது, ஓடினா செத்துருவான்னும் சொன்னாவ. அதைச் சொல்லத்தான் உன் போனுக்குக் காத்திருந்தேன். நான் வாயைத் தொறக்குததுக்கு முன்னால நீ ஒண்ணு கேட்ட."

"என்ன கேட்டேன்?"

"ஞாயித்துக்கிழமை ஓட்டத்துக்குள்ள சரியாயிருவானான்னு கேட்ட."

ஆமாம்மா, கேட்டேன். கேட்டது எனக்கும் ஞாபகம் இருக்கு. கேட்டா என்ன? அக்கறையிலதானே கேட்டேன். சரியாயிருவானான்னு கேக்குதது தப்பா? சரியாகணும்னு ஆசைப்படுதவதான் கேப்பா. இதுக்குப் போய் ஒரு சாவா?

"அந்த நேரத்துல வாயில வந்துட்டு. பொறவு ஒவ்வொரு நாளும் சொல்லணும்னு இருந்தேன். ஒரு வாரம் போச்சு. நீ எடத்தைக் காட்டுன்ன, கல்லை நட்டேன். அதுக்குப் பொறவு எப்படிச் சொல்ல?"

"நீங்க என்கிட்ட நிறுத்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேனே"ன்னேன்.

அவிய என்னையப் பாத்தாவ. "உன்கிட்ட எனக்குப் பயம், பியூலா"ன்னாவ.

பயமாம். இருபத்துநாலு வருசம் ஆக்கிப் போட்டவகிட்ட பயம். நான் என்னைக்காவது கை ஓங்கியிருக்கேனா? வைதிருக்கேனா? எதையும் ஒழுங்காச் செய்யணும்னு சொல்லுவேன். நேரத்துக்கு எந்திரிங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்க, குனிஞ்சு நடக்காதீங்க. அது பயமா? நீயும் இவ்வளவு நேரம் என்கூடத்தான் உக்காந்திருக்க, உனக்கு என்னையக் கண்டா பயமா இருக்கா? பாத்தியா. இல்லன்னுதானே தலையை ஆட்டுத.

இப்ப எப்படின்னு கேக்கியா? ஒரே வீட்டுலதான் இருக்கோம். எங்க போக? அவிய ரெண்டாவது சனிக்கிழமை போறாவ, நான் நாலாவது சனிக்கிழமை போறேன். சேந்து போறதில்ல. மொதல்ல கால் மணி நேரம் வாசல்ல உக்காந்திருப்பேன். என் வாசம் பழகட்டும்னு அண்ணாச்சி என்கிட்ட ஒரு முந்தானைத் துணியை வாங்கி அவன் படுக்கையில போட்டிருக்காவ. போன தடவை நானும் அவனும் வாய்க்கால் கரையில நடந்தோம். ஒரு எறநூறு அடி. நாலு தடவை நின்னோம். நான்தான் நின்னேன். அவன் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பாத்தான், ஏன் நிக்கேன்னு.

ஜெபின்கிட்ட பேசுதேன். சாப்பிட்டியா, தூங்கினியா. அவ்வளவுதான்.

அவியகிட்ட பேச்சு உண்டு. ஆனா ஒண்ணு ஆயிட்டும்மா. அவிய என்ன சொன்னாலும் நான் ஒரு தடவை போய்ப் பாத்துட்டுத்தான் வருதேன். கேஸ் தீந்துட்டும்பாவ, சிலிண்டரை ஆட்டிப் பாப்பேன். பால்காரன் வரலம்பாவ, வாசல்ல போய்ப் பாப்பேன். போன வாரம் சாரல் அடிச்சுதுல்லா, ஆடி மாசத்துச் சாரல். நான் அடுக்களையில நிக்கேன். முன் ரூம்லருந்து, "பியூலா, மழை வருது, துணியை எடு"ன்னாவ. நான் துணியை எடுக்கப் போகல. வாசல்ல போய்க் கையை நீட்டிப் பாத்தேன்.

மழைதான் பெய்ஞ்சுது. எப்பவும் அவிய சொன்னது சரியாத்தான் இருக்கும். நான் கையை நீட்டிக்கிட்டு நிக்கேன், அவிய சன்னல் வழியா என்னையப் பாத்துக்கிட்டு நிக்காவ, கொடியில துணி எல்லாம் நனைஞ்சுக்கிட்டு கெடக்கு.